இருட்டிய பின் இறங்கிய கரண்ட்

நம்புகிறவர்கள் நம்புங்கள். நம்பாதவர்கள் இத்தோடு நிறுத்திவிட்டு வேறு வேலையைப் பாருங்கள், எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. ஆனால் முழுதும் படித்துவிட்டு, "ஏதாவது லூஸ் கனெக்‌ஷனா இருந்திருக்கும்" என்று மட்டும் என்னிடம் வந்து சொல்லாதீர்கள். லூஸ் கனெக்‌ஷன் பார்ப்பதுதான் என் பிழைப்பு. மொட்டை மாடியில் சோலார் மாட்டுவதும், கெட்டுப்போனால் சரி செய்வதும் என் தொழில். பொம்பளை ஏணி ஏறுகிறாளே என்று வாயைப் பிளந்தவர்கள் எல்லாம் இன்று இன்வெர்ட்டர் கத்தினால் முதலில் எனக்குத்தான் போன் போடுகிறார்கள். பேய் பிசாசுக்கெல்லாம் பயந்தவள் இல்லை நான். கரண்டுக்குப் பயப்படுவேன். அந்தப் பயம் இருப்பதால்தான் இன்னும் உயிரோடு இருக்கிறேன்.

இது நடந்தது என் கூடப் பிறந்த அக்கா வீட்டில். பொய் சொல்ல எனக்கு ஒரு காரணமும் இல்லை. சொல்லாமல் இருக்கத்தான் ஆயிரம் காரணம் இருக்கிறது.

அக்கா ஒரு நாள் காலையில் போன் செய்தாள்.

"ஏண்டி, சோலார் பொழுது சாஞ்ச பிறகும் ஓடுமா?"

"சூரியன் ஓவர்டைம் பாத்தா ஓடும்," என்றேன்.

"விளையாடாத. ஒரு வாரமா இருட்டினதும் படிக்கட்டுக்குக் கீழ இருக்கற மெஷின் உறுமுது. நேத்து துணி எடுக்க மாடிக்குப் போனேன். கம்பியைத் தொட்டதும் கையைத் தூக்கி எறிஞ்சிடுச்சு. பாப்பா என் இடுப்புல இருந்தா."

எனக்குச் சிரிப்பு போய்விட்டது. பாப்பாவுக்கு இரண்டு வயது. எதைப் பார்த்தாலும் கையை நீட்டுகிற வயது.

"அத்தான் என்ன சொல்றார்?"

"யாரையும் கூப்பிட வேணாங்கறார். மாடிக்கதவைத் திரும்பப் பூட்டிட்டா போதுமாம்."

அந்த மாடிக்கதவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது இரண்டு வருடமாகப் பூட்டியே கிடந்தது. பாப்பா பிறந்த அன்று அந்த மாடியில் ஒரு ஃபிட்டர் இறந்துபோனார். சோலார் மாட்டிய ஃபிட்டர். அன்று வேலையை முடித்துக் கொடுக்க வந்தவர், ஃபியூஸை எடுக்காமல் ஒயரைப் பிரித்துவிட்டார், அவசரக்குடுக்கை, தன் உயிரைத் தானே கெடுத்துக்கொண்டார் என்று எங்கள் தொழில்காரர்கள் எல்லோரும் பேசிக்கொண்டோம். அக்கா பிரசவ வலியில் ஆஸ்பத்திரியில் இருந்தாள். காலையிலிருந்து அத்தானும் அங்கேதான் இருந்தாராம். சாயங்காலம் வீட்டுக்கு வந்து பார்த்தபோதுதான் தெரிந்ததாம். பிறகு சாவி தொலைந்துவிட்டது என்று சொல்லி அந்தக் கதவைத் திறக்கவே இல்லை அவர். போன வாரம் குழந்தைத் துணி காயவில்லை என்று அக்கா ஆள் வைத்துப் பூட்டை உடைத்தாள். அன்றைக்கு ஆரம்பித்ததுதான் இந்த உறுமல்.

மாலை நான்கு மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். அத்தான் வாசலிலேயே மறித்தார்.

"உனக்கு எதுக்கும்மா சிரமம்? நான் பாத்துக்க மாட்டேனா?"

"நீங்க பல்பு மாத்தறதுக்கே ஆள் கூப்பிடற ஆள். தள்ளுங்க அத்தான்," என்று உள்ளே போனேன்.

வெளிச்சம் இருந்தபோது எல்லாம் ஒழுங்காக இருந்தது. ஒயரில் எலி கடித்த தடம் இல்லை. எர்த் சரி. பேனலில் விரிசல் இல்லை. பார்த்துக்கொண்டே போகப்போக எனக்கு ஒரு சங்கடம் வந்தது. வேலை அவ்வளவு சுத்தம். ஒவ்வொரு ஒயரும் வளையாமல் நெளியாமல் கட்டியிருந்தது. கட்டின பிளாஸ்டிக் பட்டையின் வெட்டு முனை எல்லாம் கையைக் கிழிக்காதபடி சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தது. இப்படி வேலை செய்கிற மனிதர் ஃபியூஸை எடுக்க மறப்பாரா என்று அப்போதே மனதில் பட்டது. பட்டதோடு சரி.

பொழுது சாய்ந்தது. ஆறரை இருக்கும்.

ம்ம்ம்ம்ம்...

கீழே இன்வெர்ட்டர் உறுமியது.

இறங்கிப் போய்க் கிளாம்ப் மீட்டரை எடுத்தேன். இடுக்கி மாதிரி ஒயரைச் சுற்றிக் கவ்வினால் போதும், உள்ளே எவ்வளவு கரண்ட் ஓடுகிறது என்று காட்டிவிடும். சூரியன் போன பிறகு சோலார் ஒயரில் பூஜ்யம் காட்ட வேண்டும். இரண்டு ஆம்ப்ஸ் காட்டியது. பேட்டரியிலிருந்து மேலே ஏறுகிறதோ என்று பார்த்தேன். இல்லை. மேலே இருந்து கீழே இறங்குகிறது. இருட்டில் கிடக்கிற கண்ணாடிப் பலகையிலிருந்து கரண்ட் வருகிறது.

மெயினை அணைத்தேன். இரண்டு ஃபியூஸையும் கழற்றி என் சட்டைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன்.

இங்கே எங்கள் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். பேனல் ஒயரைப் பிரிப்பதற்கு முன் கீழே ஃபியூஸை எடுத்தாக வேண்டும். இல்லையென்றால் ஓடுகிற கரண்ட், பிரிக்கிற இடத்தில் நெருப்பாகக் கையைப் பிடிக்கும். சில சமயம் லைனை ஓடவிட்டு மேலே சோதிப்போம். சோதித்து முடித்ததும் கீழே நிற்கிறவருக்குக் குரல் கொடுப்போம். "எடுத்தாச்சா?" கீழே இருப்பவர் "எடுத்தாச்சு" என்றால்தான் கை வைப்போம். அந்த ஒரு வார்த்தையை நம்பி எத்தனையோ பேர் வேலை செய்கிறார்கள். நான் யாரையும் நம்புகிற ரகம் இல்லை. ஃபியூஸ் என்னோடுதான் மாடிக்கு வரும்.

மாடியில் பேனல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். கனெக்டர் முனைகள் எல்லாம் தனித்தனியாகத் தொங்கின. மீட்டரை வைத்தேன்.

இரண்டு ஆம்ப்ஸ்.

இரண்டு பக்கமும் அறுந்து கிடக்கிற ஒயரில் கரண்ட் ஓடாது. பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். மீட்டர்தான் கோளாறு என்று அதைத் தட்டினேன். பையில் இருந்த இன்னொரு மீட்டரை எடுத்தேன். அதுவும் அதையேதான் காட்டியது.

அப்போது எண் ஏறியது. மூன்று. நான்கு...

படிக்கட்டில் செருப்புச் சத்தம். அத்தான் ஏறி வந்துகொண்டிருந்தார். கதவுக்கு நாலு படி கீழே நின்றுவிட்டார்.

"முடிஞ்சுதா?"

"இல்ல. கொஞ்சம் மேல வந்து டார்ச் பிடிங்க."

"அக்காவை அனுப்பறேன்."

இறங்கிப் போனார். எண்ணும் இறங்கியது.

அக்கா பாப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தாள். மாடிக்குள்ளேயே வந்து என் பக்கத்தில் நின்றாள். எண் அசையவில்லை. பாப்பா மீட்டரைப் பிடுங்கப் பார்த்தாள், அப்போதும் அசையவில்லை. அக்காவைக் கீழே போகச் சொன்னேன். எதையும் தொடாதே, பாப்பாவை இறக்கி விடாதே என்றேன்.

பழுது பார்க்கிறவர்களுக்கு ஒரு புத்தி உண்டு. எது மாறும்போது எண் மாறுகிறது என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அத்தானுக்குப் போன் போட்டேன்.

"அத்தான், ஒரு சோதனை. வாசல் கேட்டுக்கிட்ட போய் நில்லுங்க."

"எதுக்கு?"

"போங்களேன்."

போனார். மீட்டர் ஒன்றுக்கும் கீழே வந்தது.

"ஹாலுக்கு வாங்க."

இரண்டு.

"படிக்கட்டுக்கிட்ட."

மூன்று.

"ரெண்டு படி ஏறுங்க."

நான்கரை. கீழே உறுமல் கூடியது.

"திரும்பிப் போங்க. ஹால்ல உக்காருங்க. எழுந்திருக்காதீங்க."

"என்னம்மா ஆச்சு? என்ன காட்டுது?"

உங்களைத்தான் காட்டுகிறது என்று எப்படிச் சொல்வது?

டிக்.

என் முதுகுக்குப் பின்னால்.

அந்தச் சத்தம் எனக்கு நன்றாகத் தெரியும். தினமும் கேட்கிற சத்தம். கனெக்டரின் ஆண் முனையையும் பெண் முனையையும் சேர்த்து அழுத்தினால் பூட்டிக்கொள்ளும் சத்தம். இரண்டு கையும் வேண்டும் அதற்கு. காற்றில் சேராது.

டிக்... டிக்...

திரும்பினேன். டார்ச் வெளிச்சம் கடைசி வரிசையில் விழுந்தது. நான் பிரித்துப் போட்ட முனைகள் சேர்ந்திருந்தன. நான் அறுத்த பட்டைகளுக்குப் பதிலாக வேறு பட்டைகள். வெட்டு முனை சுவர்ப் பக்கம்.

யாரும் இல்லை.

அடுத்த வரிசை.

டிக்.

யாரோ அவசரமே இல்லாமல் வேலை செய்துகொண்டு வந்தார்கள். ஒரு பேனல் முடித்து அடுத்த பேனல். என்னை நோக்கி.

பொசுங்கின ரப்பர் வாடை வந்தது.

கால் நகரவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், ஓட நினைத்தேன். உடம்பு கேட்கவில்லை.

டிக்.

பக்கத்துப் பேனல்.

சத்தம் நின்றது.

என் தோளுக்கு அருகில் யாரோ மூச்சை இழுத்தார்கள். மேலே இருந்து கீழே கூப்பிடும் முன் நாங்கள் இழுக்கிற மூச்சு.

"எடுத்தாச்சா..."

ஆண் குரல். கோபம் இல்லை. சாதாரணமாகக் கேட்டது. படிக்கட்டு வழியாக வீடு முழுக்க இறங்கிப் போனது.

மறுபடியும்.

"எடுத்தாச்சா..."

அப்போது அத்தான் குரல் கேட்டது. அழுகிற குரல்.

"எடுத்தாச்சு."

மீட்டர் எகிறியது. ஒன்பது. பதினைந்து. பிறகு எண்ணே இல்லை.

கீழே அக்கா அலறினாள்.

எனக்குக் கால் வந்துவிட்டது. எப்படி இறங்கினேன் என்று தெரியாது. அத்தான் படிக்கட்டுக்குக் கீழே ஃபியூஸ் பெட்டி முன்னால் நின்றிருந்தார். ஹாலில் உட்காரச் சொன்ன மனிதர். வலது கை ஃபியூஸ் மாட்டும் இடத்துக்குள் போயிருந்தது. காலி இடம் அது. ஃபியூஸ் என் பாக்கெட்டில் இருக்கிறது. மெயின் அணைந்து கிடக்கிறது. ஆனால் அவர் உடம்பு வெடவெடவென்று உதறியது. விரல் பிடித்த பிடியில் இருந்தது. கையிலிருந்து புகை.

"எடுத்தாச்சு... எடுத்தாச்சு... எடுத்தாச்சு..."

வாய் அதையே சொன்னது.

அக்கா அவரைப் பிடித்து இழுக்க ஓடினாள். இடுப்பில் பாப்பா.

"தொடாத!"

அவளைத் தள்ளிவிட்டேன். மர ஸ்டூலைத் தூக்கி அவர் முழங்கையில் ஓங்கி அடித்தேன். கை விடவில்லை. மறுபடி அடித்தேன். எலும்பு முறிந்த சத்தம் கேட்டது. விழுந்தார்.

உறுமல் நிற்கவில்லை.

படிக்கட்டில் ஒரு படி இறங்கிய சத்தம்.

இன்னொரு படி.

"எடுத்தாச்சா..."

இந்த முறை கோபம் இருந்தது.

அக்காவுக்கும் அது கேட்டது. சுவரோடு ஒட்டிக்கொண்டு பாப்பாவின் காதைப் பொத்தினாள்.

எனக்கு ஒன்றே ஒன்றுதான் தோன்றியது. எங்கள் தொழிலில் அந்தக் கேள்விக்கு உண்மையைத்தான் சொல்ல வேண்டும்.

"எடுத்தாச்சு," என்றேன். பாக்கெட்டில் கை விட்டு இரண்டு ஃபியூஸையும் உயர்த்திக் காட்டினேன். "நான் எடுத்தேன். இதோ... என் கையில இருக்கு."

ஒன்றும் இல்லை.

பிறகு உறுமல் நின்றது.

படிக்கட்டில் காலடி திரும்பி மேலே போனது. ஒவ்வொரு படியாக.

ஆஸ்பத்திரியில் அத்தானுக்கு வலது கையில் மூன்று விரல் போய்விட்டது. கண் விழித்ததும் அக்காவிடம் எல்லாவற்றையும் கொட்டினார். பாப்பா பிறந்த அன்று காலை அவர் ஆஸ்பத்திரியில் இல்லை. வீட்டில்தான் இருந்தார். ஃபிட்டருடைய கூட்டாளி வரவில்லை என்று, ஃபியூஸ் எடுக்க அத்தான்தான் கீழே நிற்க வேண்டியிருந்தது. அந்த நேரம் பார்த்து ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது, அக்காவைப் பிரசவ அறைக்குள் கொண்டுபோய்விட்டார்கள் என்று. மேலே இருந்து ஃபிட்டர் கேட்டார். இவர் போனைக் காதில் வைத்தபடி, நாற்காலியை விட்டு எழாமலே, எடுத்தாச்சு என்று சொல்லிவிட்டார்.

"அப்புறம் எடுத்துக்கலாம்னு நினைச்சேன்," என்றார். "ஒரு சத்தம் வந்துச்சு. மேல போய்ப் பாத்தேன். அசையாம கிடந்தான். செத்துட்டான்னு நினைச்சேன். பயத்துல மாடிக்கதவைப் பூட்டிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடிட்டேன். நான் அங்க இல்லைன்னு சொன்னா முடிஞ்சுதுன்னு..."

எனக்கு ரத்தம் கொதித்தது. ஆனாலும் பிரசவ நேரத்துப் பதற்றம், பயந்த சுபாவம், வேண்டுமென்று செய்யவில்லையே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பாப்பாவுக்கு அப்பா வேண்டுமே. என் கையால் ஒரு உயிரைக் காப்பாற்றினேன் என்ற நிம்மதியும் இருந்தது, அதை மறைக்க மாட்டேன்.

ஒரே ஒரு விஷயம் மட்டும் உறுத்தியது. அவசரக்குடுக்கை என்று நாங்கள் எல்லோரும் அந்த மனிதரின் பெயரைக் கெடுத்திருக்கிறோம். அவர் மனைவியிடமாவது உண்மையைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் தொழில்காரர் ஒருவரிடம் வீட்டை விசாரித்துக்கொண்டு போனேன். தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்திருந்தார் அந்த அம்மா. நான் சொன்னதை எல்லாம் தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொண்டார். ஆச்சரியப்படவே இல்லை.

"அவர் அப்ப சாகல," என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"மத்தியானம் எனக்குப் போன் பண்ணாரு. கை வெந்துபோச்சு, எந்திரிக்க முடியல, மாடிக்கதவு பூட்டியிருக்குன்னாரு. எந்த வீடுன்னு எனக்குத் தெரியாது. தெருப் பேரைச் சொல்லுங்கன்னு கத்தினேன். அவருக்குப் பேச்சு குழறிச்சு. பயப்படாத, வீட்டுக்காரருக்குப் போன் பண்ணிட்டேன், எடுத்துட்டாருன்னு சொன்னாரு."

"எடுத்தாரா?"

"எடுத்தாராம். பேசலையாம். மறுபடி பண்ணாராம், மறுபடி எடுத்தாராம். இவர் கதவு கதவுன்னு சொல்லச் சொல்ல, கேட்டுக்கிட்டே இருந்துட்டு வெச்சிட்டாராம். போலீஸ்லயும் சொன்னேன். பிரசவ நேரத்துல போனை யார் பாத்தாங்கன்னு சொல்லிட்டாங்க."

அந்த அம்மா தையல் துணியை மடித்து வைத்தார்.

"போன்ல பின்னாடி ஒரு பச்சைக்குழந்தை அழுததாம். பிள்ளை பொறந்திருக்கு போல, அதான் பேச முடியல, வந்துடுவாருன்னாரு. அவருக்குச் சந்தோஷம். எனக்கு ஆறுதல் சொல்லிக்கிட்டே இருந்தாரு. பொழுது சாயற வரைக்கும் உயிர் இருந்துச்சுன்னு டாக்டர் சொன்னாங்க."

வெளியே வந்து தெருவில் நின்று அழுதேன். அந்தக் குழந்தையை என் மடியில் வைத்து எத்தனை தடவை சோறு ஊட்டியிருக்கிறேன்.

அன்று இரவே அக்காவிடம் சொன்னேன். அவள் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்துவிட்டாள். இன்றுவரை திரும்பிப் போகவில்லை.

அத்தான் அந்த வீட்டில் தனியாக இருக்கிறார். வேறு வீடு பார்த்துக்கொண்டு போக வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். போனார். மூன்றாம் நாள் தானாகவே திரும்பி வந்துவிட்டார். அங்கே என்ன நடந்தது என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பேனலைக் கழற்ற எங்கள் தொழிலில் ஒருவரும் அந்த மாடிக்கு ஏற மாட்டேன் என்கிறார்கள். எனக்கு அது அரை நாள் வேலை.

தினமும் பொழுது சாய்கிற நேரத்தில் அவர் எனக்குப் போன் செய்கிறார். வந்து கழற்றிவிட்டுப் போ என்று கெஞ்சுகிறார். நான் கட் செய்வதில்லை. காதில் வைத்துக்கொள்கிறேன். பக்கத்தில் பாப்பா விளையாடுகிற சத்தம் அவருக்குக் கேட்கும்.

நான் பேசுவதில்லை.